தொப்பித் தொழிலாளி யாக்கோபு ஹட்டர்



இந்த மாதம் ஒரு தொப்பித் தொழிலாளியைப் பற்றி எழுதும்படி என் உள்ளத்தில் ஏவப்பட்டேன். வேதாகமக் கல்லூரியில் நான் டிப்ளமா படித்த நாட்களில், சபைச் சரித்திர வகுப்பில் இவருடைய பெயர் ஒரே ஒரு தடவைதான் வந்தது. லூத்தருக்குப் பல வாரம், கால்வினுக்குச் சில வாரம், இவருக்குக் கால் பக்கம். பரீட்சையில் கேள்வி வராது என்று தெரிந்ததும் நானும் அந்தக் கால் பக்கத்தை மடித்து வைத்துவிட்டேன். இருபது வருஷம் கழித்து அதைத் திரும்பத் திறக்க வேண்டியதாயிற்று. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

யாக்கோபு ஹட்டர் சுமார் 1500-ம் வருஷம் ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே, தெற்கு டிரோல் நாட்டில் மூஸ் என்ற குக்கிராமத்தில் பிறந்தார். புரூனெக் பட்டணத்துக்குப் பக்கம். இன்றைக்கு அந்த இடம் இத்தாலி தேசத்துக்குள் இருக்கிறது, ஆனால் ஜனங்கள் பேசுவது ஜெர்மன் பாஷை. கொஞ்சம் பள்ளிப் படிப்பு, பிறகு தொப்பி செய்யும் தொழில். ஹட்டர் என்றாலே தொப்பிக்காரர் என்று அர்த்தம். தொழில் கற்றுக்கொண்டு ஊர் ஊராய்ப் போய் வேலை செய்து, கடைசியில் கரிந்தியா நாட்டில் ஸ்பிட்டால் என்ற ஊரில் தங்கினார். பட்டப் படிப்பும் குருப்பட்டமும் இல்லாத மனுஷன். கம்பளி மயிரை அடித்துத் தொப்பியாக்குகிற கைதான் அவருடைய ஆஸ்தி.

அந்த நாட்களில் ஐரோப்பா முழுதும் என்ன நடந்தது என்று கொஞ்சம் சொல்லாவிட்டால் இவருடைய கதை புரியாது. 1525-ம் வருஷம் ஜனவரி 21-ம் தேதி ராத்திரி, சுவிட்சர்லாந்தின் சூரிச் பட்டணத்தில், பெலிக்ஸ் மான்ஸ் என்பவருடைய வீட்டில் சில சகோதரர்கள் கூடி ஜெபித்தார்கள். குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் தங்கள் விசுவாசத்தால் வந்ததல்ல என்று வேதத்திலே கண்டுகொண்டு, கான்ராட் கிரேபெல் என்பவர் ஜார்ஜ் பிளாவ்ராக் என்பவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். இவ்வளவுதான் நடந்தது. ஆனால் ராஜாக்களும் குருமாரும், ஏன், சீர்திருத்தம் செய்தவர்களும்கூட இதைப் பொறுக்கவில்லை. மறுஞானஸ்நானக்காரர் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். இரண்டு வருஷத்துக்குள், 1527 ஜனவரி 5-ல், பெலிக்ஸ் மான்ஸை அதே ஊர் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றார்கள். 1529-ல் ஸ்பையர் பட்டணத்தில் கூடிய சாம்ராஜ்ய சபை, மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு மரண தண்டனை என்றே சட்டம் போட்டது.

(ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவர்கள் முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் அல்ல, தண்ணீரை ஊற்றிக் கொடுத்தவர்கள். நம்ம சபையில் இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் இரண்டு மூன்று பேர் உண்டு. யார் என்று எனக்குத் தெரியும்! அவர்கள் தயவுசெய்து கடைசி வரைக்கும் வாசியுங்கள்.)

ஜார்ஜ் பிளாவ்ராக் டிரோல் மலைகளுக்கு ஓடிவந்து ஊழியம் செய்தார். 1529 செப்டம்பர் 6-ம் தேதி கிளாவ்சன் என்ற ஊர்ப் பக்கத்தில் அவரை உயிரோடே எரித்தார்கள். ஊரின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மேய்ப்பன் இல்லாமல் சிதறிப்போன அந்த மந்தையைச் சேர்க்க எழும்பினவர்தான் நம்முடைய தொப்பிக்காரர். காட்டுக்குள்ளும், வைக்கோல் கொட்டகையிலும், ராத்திரி வேளைகளில் கூட்டம். காலையில் ஒரு வீடு, இரவில் வேறொரு வீடு. அவரைப் பிடித்துக் கொடுக்கிறவர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுப்பதாகச் சொன்னது. மனந்திரும்பினவர்கள் மாதிரி நடித்துக் கூட்டத்துக்குள் நுழைகிற வேவுகாரர்களையும் அனுப்பினது. அந்த நாட்டில் நூற்றுக்கணக்கானோர் வாளாலும் நெருப்பாலும் தண்ணீராலும் மரித்தார்கள்.

தப்ப ஒரே ஒரு வாசல் திறந்திருந்தது. அது மொராவியா நாடு, இன்றைய செக் குடியரசில் இருக்கிறது. அங்கே இருந்த பிரபுக்களுக்கு ராஜாவின் சட்டத்தைவிடத் தங்கள் நிலத்தில் உழுகிற ஆட்கள்தான் முக்கியம். நல்ல உழவர், நல்ல தொழிலாளி என்றால் அவன் எப்படி ஞானஸ்நானம் எடுத்தான் என்று கேட்கமாட்டார்கள்.

இந்த மொராவியாவில்தான், ஹட்டர் வருவதற்கு முன்னமே, ஒரு பெரிய காரியம் நடந்திருந்தது. 1528-ம் வருஷம் நிக்கோல்ஸ்பர்க் என்ற ஊரில் சபை இரண்டாகப் பிரிந்தது. விசுவாசி பட்டயம் எடுக்கலாமா, யுத்த வரி கட்டலாமா என்பதுதான் தர்க்கம். கூடாது என்றவர்கள், யாக்கோபு வீடமான் என்ற ஒற்றைக் கண் போதகரோடு ஊரை விட்டு வெளியேறினார்கள். பெரியவர்கள் மட்டும் சுமார் 200 பேர், பிள்ளைகள் வேறே. வீடு இல்லை, கையில் இருந்ததும் கொஞ்சம். வழியிலே தலைவர்கள் தரையில் ஒரு மேலங்கியை விரித்தார்கள். ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒவ்வொருவராய் வந்து, தன்னிடம் இருந்ததை அந்த அங்கியின்மேல் வைத்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் நான்காம் அதிகாரங்களில் எருசலேம் சபை செய்ததை இவர்கள் ரோட்டோரத்தில் செய்தார்கள். பிறகு அவுஸ்டர்லிட்ஸ் என்ற ஊரில் பிரபுக்கள் அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள்.

1529-ல் ஹட்டர் அங்கே வந்து பார்த்தார். பார்த்து, தன்னுடைய டிரோல் மந்தையையும் அவர்களோடே இணைத்தார். அவர் மட்டும் திரும்பிப் போனார்! அதைக் கவனியுங்கள். பாதுகாப்பான இடத்தைக் கண்ணாலே கண்ட பிறகும் ஆபத்துள்ள மலைக்கே போய், அங்கிருந்து குடும்பம் குடும்பமாய் விசுவாசிகளை மொராவியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

இப்போது, நான் சொல்லத் தயங்குகிற பகுதி.

பரலோகம் மாதிரி ஒரு இடம் என்று நினைத்து அவர் அனுப்பின ஜனங்கள் அங்கே போய்ப் பார்த்தால், ஊழியக்காரர் வீட்டில் நல்ல சாப்பாடு, சாதாரண விசுவாசிக்குப் பட்டாணியும் முட்டைக்கோசும் என்று முறுமுறுப்பு. 1531 ஜனவரியில், குளிர்காலத்தில், வில்ஹெல்ம் ராய்ப்லின் என்ற போதகர் ஒரு கூட்டத்தாரைப் பிரித்துக்கொண்டு ஆஸ்பிட்ஸ் என்ற ஊருக்குப் போய்விட்டார். விசாரிக்க வந்த ஹட்டர், பிரிந்துபோன பக்கத்தில்தான் நியாயம் அதிகம் என்று தீர்த்தார். ஆனால் கொஞ்ச நாளில் அந்த ராய்ப்லினே வியாதியாய்ப் படுத்தபோது அவரிடம் 24 குல்டன் பணம் ஒளித்து வைத்திருந்தது வெளியே வந்தது. சமமாய்ப் பங்கிடவில்லையென்று சண்டை போட்டவர்! அவரைச் சபையை விட்டு விலக்கினார்கள்.

அவருக்குப் பின் சைமன் ஷூட்சிங்கர் என்பவர் ஆஸ்பிட்ஸ் சபைக்குத் தலைவரானார். ஹட்டரோடு மலைகளில் ஊழியம் செய்த தோழர். 1533 ஆகஸ்டில் ஹட்டர் நிரந்தரமாய் அங்கே வந்து சேர்ந்தபோது, இவருக்கும் அவருக்கும் யார் மேய்ப்பன் என்ற பிரச்சினை. சபையார் முதலில் ஷூட்சிங்கர் பக்கம்தான் நின்றார்கள். அதற்குப் பிறகு, வீடுகளில் சிலர் பொதுப்பணத்தை மறைத்து வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் எழும்பிச் சோதித்துப் பார்த்தார்கள். ஷூட்சிங்கருடைய வீட்டிலேயே அளவுக்கு மிஞ்சின துணிமணிகளும், கூரைக்குள் சொருகின பணமும் அகப்பட்டது. அவர் மறுக்கவில்லை, ஒப்புக்கொண்டார். அனனியா சப்பீராள் கதை 1500 வருஷம் கழித்து அப்படியே திரும்ப நடந்தது. யாரும் செத்து விழவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். இப்படித்தான் ஹட்டர் தலைவரானார்.

நான் அந்தக் கால் பக்கத்தைத் திரும்பத் திறந்தேன் என்றேனே, இதற்காகத்தான். நம்ம சபைக் கட்டிட வேலை பாதியில் நின்ற சமயம். நான் பிரசங்க பீடத்தில் நின்று அப்போஸ்தலர் நடபடிகள் நான்காம் அதிகாரத்தை எடுத்து, உங்களைக் கண்ணீரோடே கொடுக்கும்படி கேட்டேன். நீங்களும் கொடுத்தீர்கள். ஒரு சகோதரி கம்மலைக் கழற்றிக் காணிக்கைப் பையில் போட்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்றைக்கு என் வீட்டு டிரங்குப் பெட்டியில், பழைய பட்டுச் சேலைக்கு அடியில், பன்னிரண்டாயிரம் ரூபாய் இருந்தது. மகள் படிப்புக்கு என்று நானும் என் வீட்டம்மாவும் சேர்த்தது. பாவமா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் ஷூட்சிங்கருடைய கூரையைப் பற்றி வாசித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு ஏழெட்டு வாரம் நான் அந்த அதிகாரத்தைத் தொடவே இல்லை என்பதைச் சிலர் கவனித்துக் கேட்டீர்கள். காரணம் இதுதான்.

ஹட்டரையும் நான் முழுக்கத் தாங்கிப் பேசமாட்டேன். கடினமான மனுஷன். அக்கம்பக்கத்தில் இருந்த கபிரியேல் ஆஷர்ஹாம், பிலிப் பிளேனர் என்ற இரண்டு சகோதரர்களுடைய சபைகளோடும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. ஒருவரை ஒருவர் விலக்கினார்கள், கடைசி வரை சேரவே இல்லை. அந்தப் பிலிப்பின் ஆட்கள் பிறகு தங்கள் தேசத்துக்குத் திரும்பும்போது பாசாவ் கோட்டையில் சிறைப்பட்டு, நிலவறையில் இருந்துகொண்டே பாட்டுகள் எழுதினார்கள். அந்தப் பாட்டுகளை ஆமிஷ் ஜனங்கள் இன்றும் ஆராதனையில் பாடுகிறார்கள். ஹட்டர் தள்ளினவர்களைத் தேவன் தள்ளவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனாலும் அவர் தலைவராயிருந்த அந்த இரண்டே வருஷத்தில் சபை ஒழுங்குக்குள் வந்தது. சம்பாதிக்கிறது எல்லாம் ஒரே பெட்டிக்கு. சமையல் ஒரே அடுப்பில். தனிப்பணம், தனி நிலம், தனி வியாபாரம் ஒன்றும் கிடையாது. ஊழியக்காரனுக்கும் அதே சட்டம். இவ்வளவு உறுதியாய்க் கட்டினதால்தான் அந்த ஜனத்துக்கே அவருடைய பெயர் வந்தது.

1534-ல் வட ஜெர்மனியின் மூன்ஸ்டர் பட்டணத்தில் வேறு ஒரு மறுஞானஸ்நானக் கூட்டத்தார் பட்டயத்தால் ஊரைப் பிடித்து, ராஜாவை ஏற்படுத்தி, பலதார மணம்வரைக்கும் போய், 1535-ல் நாசமானார்கள். இந்தச் சமாதானக்காரருக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் பெர்டினாந்து ராஜா வித்தியாசம் பார்க்கவில்லை. மொராவியப் பிரபுக்களை நெருக்கி, எல்லாரையும் துரத்த வைத்தார். ஹட்டர் தன் மூட்டையை முதுகில் கட்டினார். உதவி ஊழியர்களும் அப்படியே செய்தார்கள். பின்னாலே சகோதர சகோதரிகள் பிள்ளைகளோடே நடந்தார்கள். திறந்த வெளியில் வானத்தின் கீழே தங்கினார்கள். விதவைகள், வியாதியஸ்தர், கைக்குழந்தைகள். அங்கேயும் இருக்கக்கூடாது என்று ஆளுநருடைய ஆட்கள் வந்தபோது, நாங்கள் எங்கே போகிறது என்று கேட்டு ஹட்டர் ஆளுநருக்கு ஒரு கடிதம் எழுதினார். ராஜாவைக் கொடுங்கோலன் என்று பட்டவர்த்தனமாய் எழுதிவிட்டார். எழுதும்போது கொஞ்சம் அடக்கி எழுதியிருக்கலாமோ என்று நான் நினைப்பதுண்டு. அவரைத் தேடி வந்தவர்களுக்கு அவர் அகப்படவில்லை. அவருக்குப் பதில் வில்ஹெல்ம் கிரீஸ்பாகர் என்ற சகோதரனைப் பிடித்துப்போய் எரித்தார்கள்.

சபையார் வேண்டிக்கொண்டதால் ஹட்டர் 1535 ஜூலையில் திரும்ப டிரோலுக்குப் போனார். அந்த வருஷம் மே மாதத்தில்தான் கத்தரீனா என்ற சகோதரியை மணந்திருந்தார். புது மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். மலையிலிருந்துகொண்டே சபைக்குக் கடிதங்கள் அனுப்பினார். அவர் எழுதினதில் எட்டுக் கடிதங்கள் இன்றைக்கும் மிஞ்சியிருக்கின்றன.

நவம்பர் கடைசியில் ஒரு ராத்திரி, கிளாவ்சன் ஊரில், இருவரும் பிடிபட்டார்கள். பிளாவ்ராக் எரிந்த அதே ஊர். ஹட்டரை வாயில் துணி அடைத்து இன்ஸ்புரூக் பட்டணத்துக்குக் கொண்டுபோனார்கள். யார் யார் வீட்டில் தங்கினாய், யாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தாய் என்பதுதான் கேள்வி. அவர் பெயர்களைச் சொல்லவில்லை. பனிக்கட்டித் தண்ணீரில் வைத்தார்கள், உடனே சூடான அறையில் வைத்து மிலாறுகளால் அடித்தார்கள். உடம்பைக் கீறி, காயத்தில் சாராயத்தை ஊற்றிக் கொளுத்தினார்கள். அப்போதும் சொல்லவில்லை. கடைசியில் பரியாசத்துக்காக இறகு செருகின ஒரு தொப்பியை அவர் தலையில் வைத்து, வாயைக் கட்டி, கோவிலுக்குள் நடத்திக்கொண்டு போனார்கள். இந்தக் கொடுமைகளை அவருடைய சபையார் தங்கள் சரித்திரப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் மற்றவர்கள் தலைக்குத் தொப்பி செய்து கொடுத்த மனுஷனுக்கு அவர்கள் போட்ட தொப்பி அது.

விடியற்காலையில் சத்தமில்லாமல் தலையை வெட்டிவிடலாம், ஜனங்கள் பார்த்தால் பரிதாபப்படுவார்கள் என்று உள்ளூர் அதிகாரிகள் யோசனை சொன்னார்கள். பெர்டினாந்து ஒப்புக்கொள்ளவில்லை. எல்லார் கண்ணுக்கும் முன்பாக எரிக்க வேண்டும் என்றார். 1536 பிப்ரவரி 25-ம் தேதி, இன்ஸ்புரூக்கில் பொற்கூரை என்று சொல்லப்படுகிற மாளிகை முகப்புக்கு முன்னே, யாக்கோபு ஹட்டர் எரிக்கப்பட்டார். வயது சுமார் 36. இன்றைக்கு அதே இடத்தில் அவர் பெயரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது.

கத்தரீனா சிறையிலிருந்து தப்பிவிட்டார். மொராவியாவுக்குப் போய்ச் சுகமாய் இருந்திருக்கலாம். அவரோ டிரோலிலேயே நின்றார். 1538-ல் திரும்பப் பிடிபட்டு மரண தண்டனை அடைந்தார்.

நெசவுத் தொழிலாளியான ஹான்ஸ் ஆமோன் சபையை நடத்தினார். பீட்டர் ரீடமான் என்பவர் ஹெஸ்ஸே நாட்டுச் சிறையில் இருந்தபடி அவர்களுடைய விசுவாச அறிக்கையை எழுதினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மொராவியாவில் பல ஆயிரம் பேராய்ப் பெருகினார்கள். அவர்களுடைய மண்பாண்டமும் கத்தியும் பேர்போனவை, அவர்களுடைய வைத்தியரைச் சக்கரவர்த்தியே கூப்பிட்டு அனுப்பினார். பிறகு 1622-ல் அங்கிருந்தும் துரத்தப்பட்டார்கள். ஹங்கேரி, டிரான்சில்வேனியா, 1767-ல் கார்பேத்தியன் மலைகளைத் தாண்டி வாலாக்கியா, 1770-ல் உக்ரேன். நடுவிலே விசுவாசம் குளிர்ந்துபோய், 1819-ல் பொதுவுடைமையையே கைவிட்டுத் தனித்தனியாய்ப் பங்கிட்டுக்கொண்டார்கள். நாற்பது வருஷம் கழித்து மைக்கேல் வால்ட்னர் என்ற கொல்லர் எழும்பி, 1859-ல் பழைய வழியைத் திரும்பத் தொடங்கினார். தொப்பிக்காரர், நெசவுக்காரர், கொல்லர்! தேவன் பட்டறையில்தான் ஆள் தேடுகிறார் போலும்.

1874-ல் அமெரிக்காவின் டக்கோட்டா பிரதேசத்தில், மிசூரி நதியோரம் போன் ஹோம் என்ற முதல் பண்ணைக் குடியிருப்பை உண்டாக்கினார்கள். முதல் உலக யுத்தத்தில் பட்டாளத்துக்குப் போக மறுத்த நான்கு சகோதரர்களை அல்கட்ராஸ் தீவுச் சிறையில் அடைத்தார்கள். அவர்களில் ஜோசப் ஹோபர், மைக்கேல் ஹோபர் என்ற இருவர், யுத்தம் முடிந்த பிறகு, 1918-ம் வருஷக் கடைசியில் லெவன்வொர்த் சிறையில் மரித்தார்கள். ஜோசப்பின் சடலத்துக்கு, அவர் உயிரோடிருக்கையில் போட மறுத்த அதே பட்டாள உடுப்பை மாட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு பெரும்பாலோர் கனடாவுக்குப் போனார்கள். இன்றைக்கு இரண்டு தேசங்களிலும் சேர்த்து சுமார் 500 குடியிருப்புகள், 50,000 பேர் அளவில் இருக்கிறார்கள். பெரிய பெரிய டிராக்டர், கோதுமை, பன்றி, கோழிப் பண்ணை. ஆனாலும் சாப்பாட்டு மணி அடித்தால் எல்லாரும் ஒரே கூடத்துக்கு வருகிறார்கள், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சட்டைப் பையில் சொந்தச் சம்பளம் கிடையாது.

ஒரு குடியிருப்பில் 120, 150 பேர் ஆனதும் அது இரண்டாகப் பிரியவேண்டும். வேறே இடத்தில் புது நிலம் வாங்கி, வீடு கட்டி, குடும்பங்களை இரண்டு பட்டியலாக எழுதுகிறார்கள். யார் போவது, யார் தங்குவது என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் எல்லாக் குடும்பமும் மூட்டை கட்டுகிறது. புறப்படுகிறதற்கு முந்தின ராத்திரி ஜெபம்பண்ணிச் சீட்டுப் போடுகிறார்கள். சீட்டு விழுந்த பட்டியலில் உள்ளவர்கள் பிள்ளைகுட்டிகளோடே வண்டியில் ஏறுகிறார்கள். மற்றவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போய், கட்டின மூட்டையை அவிழ்க்கிறார்கள்.